ஈரம் இறங்கிப் போன வீடு

ஆனைமலைக்கு மேலே, பஸ் வளைந்து வளைந்து ஏறிக் கடைசியாக மூச்சு வாங்கி நிற்கிற இடத்திலிருந்து இன்னும் ஏழு கிலோமீட்டர் ஜீப்பில் போனால் வருகிற சாரல்மட்டம் எஸ்டேட்டில், வைகாசிக் கடைசியில் தொடங்கும் மழை ஐப்பசி வரை ஓயாது என்பதால், அங்கே இருப்பவர்கள் ஈரத்தை வீட்டில் இன்னொரு ஆளாகவே வைத்துக்கொண்டிருந்தார்கள். அது உப்பு ஜாடிக்குள் இருக்கும், தீப்பெட்டிக்குள் இருக்கும், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும், கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையின் காலரில் பச்சைப் புள்ளியாகப் பூத்திருக்கும், போர்வைக்குள் நமக்கு முன்னாலேயே படுத்திருக்கும். யாரும் அதைத் திட்டியதில்லை. திட்டி ஆவதென்ன, காலில் ஏறுகிற அட்டையைத் திட்டி யார் ஜெயித்தார்கள்.

அந்த ஈரத்தை அளக்கிற வேலை குருபாதத்துக்கு. எஸ்டேட் ஃபேக்டரியின் மேல்மாடியில், பறித்த கொழுந்தைப் பரப்பி விசிறி போட்டு வாட்டுகிற நீளத் தொட்டிகளுக்கு நடுவே, இரண்டு தெர்மாமீட்டர்கள் ஒட்டிப் பிறந்தவை போல ஒரே பலகையில் தொங்கும். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது வெறுமனே இருக்கும். இரண்டும் காட்டும் எண்ணுக்கு நடுவில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுக்குக் காற்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இருபத்தொன்பது வருஷமாக மணிக்கொருதரம் அதைப் பார்த்து நோட்டில் எழுதிவந்த குருபாதம், ஆடி மாதத்தில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்போது, “காத்து இன்னைக்குத் தண்ணியாவே இருக்கு” என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, மகள் சாகும் வரை.

அவருக்கும் அன்னத்தாய்க்கும் ஒரே மகள் ஜெசிந்தா. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், இருபத்தாறு வயசு. வைகாசியில் காய்ச்சல் என்று படுத்தவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. கடைசி இரண்டு நாள் அவள் பேசியதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. அப்பா என்றாள், அதுகூடக் குமிழியாகத்தான் வந்தது. மலைக்குக் கொண்டுவந்து மழைக்குள் அடக்கம் பண்ணினார்கள். குழியில் ஊறிய தண்ணீரை இரண்டு பேர் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றியும் அது ஊறிக்கொண்டே இருந்ததை, நல்லவேளை, அன்னத்தாய் பார்க்கவில்லை. குருபாதம் பார்த்தார்.

எட்டாம் நாள், ஜெசிந்தாவோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த ரெஜினா என்கிற பெண், அவளுடைய பெட்டி படுக்கையோடு மூன்று தெர்மாகோல் பெட்டிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். திறந்தால் உள்ளே முப்பத்தேழு சின்னச் சின்ன மண்தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு செடி. ஒன்று பச்சைக் கல்லில் ரோஜா செதுக்கியது போல இருந்தது, ஒன்று குழந்தையின் கால்விரல்களைச் சேர்த்து நட்டு வைத்தது போல, இன்னொன்று முத்து முத்தாகத் தொட்டி விளிம்பில் வழிந்தது. எல்லாவற்றுக்கும் இலை சதை போட்டுத் தடித்திருந்தது.

“சக்குலென்ட்னு சொல்வாங்கப்பா, கள்ளிக்குச் சொந்தம்,” என்றாள் ரெஜினா. “ஜன்னல்ல வச்சிருந்தா. டியூட்டி முடிச்சு வந்தா இதுங்ககிட்டதான் மொதல்ல பேசுவா, அப்புறம்தான் எங்கிட்ட.”

“தண்ணி எப்ப ஊத்தணும்?”

“இருபது நாளைக்கு ஒருதரம் போதும். இலை மேல படாம மண்ணுல மட்டும். அதைக்கூடச் சமாளிச்சுக்கும். காத்துல ஈரம் தேங்கி நின்னாத்தான் தாங்காது. அடித்தண்டு கறுத்து, இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டதும் உதிர்ந்துடும்.” சொல்லிக்கொண்டே வந்தவள் தலையைத் தூக்கி, சுவரில் கூரையிலிருந்து தரை வரை இறங்கியிருந்த பச்சைப் பாசியைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். “அப்பா, நான் வேணா இதுங்களத் திரும்பக் கீழ கொண்டுபோயிடட்டுமா?”

“வேண்டாம்மா,” என்றார் குருபாதம். “காத்தைக் காய வைக்கத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க.”

அன்றிலிருந்து அவர், தொழிலாளர்களுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய லைனில் இருந்த அந்த ஓரறை வீட்டில் ஈரத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். மூலைக்கு மூலை கரிமூட்டையை அவிழ்த்து வைத்தார், தட்டுத் தட்டாகக் கல்லுப்பைப் பரப்பி, அது தண்ணீர் குடித்து நெகிழ்ந்ததும் வறுத்துத் திரும்பப் பரப்பினார், சுட்ட சுண்ணாம்புக்கல்லைச் சட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், செடிகளைப் பலகையில் ஒன்றையொன்று தொடாமல் காற்றோட்டமாக வைத்து, மேலே நூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் மேஜை விசிறியை ஓடவிட்டார், தொட்டி மண்ணைக் கொட்டிப் பாதிக்குப் பாதி பொடிக்கல்லைக் கலந்து மறுபடி நட்டார், ஃபேக்டரி ஸ்டோரில் கழித்துப்போட்ட தெர்மாமீட்டர் ஜோடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சுவரில் அடித்தார். மழை வெறித்து ஓய்கிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஜன்னலைத் திறந்தார். அடுப்பு பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போனது. வீட்டுக்குள் வெந்நீர் கூடாது, ஈரத்துணி கூடாது, தலைக்குக் குளித்தவர்கள் முடி காயும் வரை உள்ளே வரக்கூடாது. அன்னத்தாய் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஒழுகும் கொட்டகையில் உட்கார்ந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சோறு பொங்கினாள். முதல் மாதத்திலேயே இரண்டு செடி அழுகியது. தெர்மாமீட்டர் வித்தியாசம் பூஜ்யத்திலிருந்து இரண்டுக்கு வந்தது, இரண்டிலிருந்து நாலுக்கு வந்தது.

ஜெசிந்தா போன நாற்பதாம் நாள் காலை, ஜெபத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன், ஈரம் அந்த வீட்டை விட்டுப் போனது.

அது போனதைப் பார்த்தவள் பக்கத்து வீட்டு சுகந்தி. கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், குருபாதம் வீட்டு நிலைக்கு அடியில் தரை கறுப்பதையும், நனைந்த சேலையை யாரோ தரையோடு இழுத்துப் போவது போல அந்தக் கறுப்பு படியிறங்கி, மண்பாதையைக் கடந்து, தேயிலைக்கு நடுவே ஓடைப்பக்கம் இறங்குவதையும் பார்த்தாள். தன் வாளி அதன் வழியில் இருந்ததால் எடுத்து ஓரமாக வைத்தாள். அது போன பிறகு மீதிப் பாத்திரத்தை விளக்கினாள். பின்னால் கேட்டவர்களுக்கெல்லாம், “ஒம்பது மணி இருக்கும், பால்வண்டி வந்துட்டுப் போயிருந்துச்சு” என்று நேரத்தை மட்டும் திருத்தமாகச் சொன்னாள்.

உள்ளே, சுவரில் இருந்த பாசி மாவாகி உதிர்ந்தது. தெர்மாமீட்டரில் சுற்றியிருந்த ஈரத்துணி முறுகி அப்பளமானது. கூரைத் தகரத்தில் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோக, குருபாதம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். மழை கூரைக்கு ஒரு முழம் மேலே வரை வந்தது, அப்புறம் இல்லை. பக்கத்து வீடுகளின் மேல் வழக்கம்போலப் பெய்துகொண்டிருந்தது. அவர் உள்ளே போய், செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று கண்டு, மேஜை விசிறியை நிறுத்தினார்.

ஜெபத்துக்கு வந்தவர்கள் முக்காடும் குடையுமாக நுழைந்து, நுழைந்த சற்று நேரத்தில் உலர்ந்து, பாயில் உட்கார்ந்தார்கள். ஜெபம் நடத்திய உபதேசியார் மூன்று வசனம் வாசிப்பதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டு எடுத்தவர்களுக்குத் தொண்டை கரகரத்தது. அழ வேண்டிய இடம் வந்தபோது பெண்கள் அழுதார்கள், முகம் கோணியது, தோள் குலுங்கியது, ஆனால் ஒரு கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை. வந்தது இமைக்குள்ளேயே காய்ந்து உப்பாக நின்றது. அன்னத்தாய் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாயை விட்டு எழுந்து, யாரையும் மிதிக்காமல் கால் வைத்து வெளியே போய், மழைக்குள் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

அந்த வீட்டைச் சாரல்மட்டம் பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆனது. முதலில் சுகந்தி ஒரு தீப்பெட்டியோடு வந்து, “அண்ணே, இத சித்த நேரம் வச்சு எடுத்துக்கிறேன்” என்றாள். அடுத்த நாள் ஆறு வீட்டுத் தீப்பெட்டி வந்தது. அப்புறம் பள்ளிக்கூடச் சீருடை, அப்புறம் ரேஷன் அரிசி, அப்புறம் பட்டா நகலும் பத்தாவது மார்க் ஷீட்டும், பூஞ்சை பிடித்த கல்யாணப் பட்டு, கோயில் தப்பு மேளம், உபதேசியாரின் ஆர்மோனியம், நனைந்த மெத்தை, வடகம், பஞ்சுத் தலையணை. லைன் சூப்பர்வைசர் துரைக்கண்ணு, கூட்டம் முட்டி மோதுவதைப் பார்த்துவிட்டு, திங்கள் மேல் லைன், செவ்வாய் கீழ் லைன், புதன் ஆஸ்பத்திரி லைன் என்று சிலேட்டில் எழுதி நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். எஸ்டேட் மேனேஜர்கூட ஒருநாள் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, “ரிப்பேர் லிஸ்ட்ல இருந்து இந்த வீட்ட எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தவர்கள் எல்லோரும் செடிப் பலகையைத் தொடாமல் ஒதுங்கி நடந்தார்கள். ஜெசிந்தா பாப்பாவோட குண்டுச் செடி, என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார்கள். அந்தச் செடிகளுக்காகத்தான் ஈரம் இறங்கிப் போனது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அதைப் பற்றி அதற்கு மேல் கேட்கவும் யாருக்கும் நேரமில்லை.

அப்புறம் அழுகையைக் காயப்போட வந்தார்கள். கீழ் லைனில் புருஷனை யானை மிதிக்கப் பறிகொடுத்த ஒருத்தியை, மூன்று மாதமாக அழுகை நிற்கவில்லை என்று, கூட்டி வந்து சுவரோரம் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முகம் தெளிந்து எழுந்து, புதிய ஆளாக வேலைக்குப் போனாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், ஓடிப்போன மகனுக்காக அழுதுகொண்டிருந்த தகப்பன் வந்தார். துணிமூட்டைகளுக்கு நடுவே அவர்களும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து காய்ந்தார்கள். குருபாதமும் தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் செத்ததிலிருந்து அவர் அழுதிருக்கவில்லை. இப்போது அழ வேண்டியதுமில்லை என்பது அவருக்கு ஒருவகையில் வசதியாக இருந்தது.

அன்னத்தாய்க்குத்தான் முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம், அவள் தன் இரண்டு சேலையையும் தட்டையும் டம்ளரையும் எடுத்துப் பையில் போட்டாள்.

“எங்க கெளம்பற?”

“கடைசி வீட்டுக்கு.” அந்த லைனின் கடைசி வீடு, கூரைத் தகரம் ஓட்டை விழுந்து இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடந்தது.

“அது ஒழுகுமே.”

“ஒழுகட்டும். இங்க எம் புள்ளைக்காக ஒரு சொட்டு வரமாட்டேங்குதுங்க. கண்ணுக்குள்ள மணல் கெடக்கற மாதிரி உறுத்துது.”

“செடி இருக்குல்ல அன்னம். அவ வளத்தது.”

அன்னத்தாய் பலகையைப் பார்த்தாள். “செடியையா நான் பெத்தேன்?” என்று கேட்டுவிட்டு, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

அவள் போன பிறகு குருபாதம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது பருக்கை பருக்கையாகக் காய்ந்தது. ஆவணி பிறந்தபோது, காலையில் செடிகளைப் பார்த்தவர், பச்சைக்கல் ரோஜாவின் அடியிலைகள் சுருங்கித் தாளாகியிருப்பதைக் கண்டார். கால்விரல் போன்றதில் சுருக்கம் விழுந்திருந்தது. முத்துச்செடியின் முத்துகள் மிளகாகியிருந்தன. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து சாய்த்தால், செம்பை விட்டுக் கிளம்பிய தண்ணீர் மண்ணைத் தொடுவதற்குள் இல்லாமல் போனது. ஃபேக்டரி மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் ரெஜினாவுக்கு போன் போட்டார்.

“உள்ள ஈரம் எவ்வளவு இருக்குப்பா?”

“இல்லம்மா.”

“கொறைஞ்சிருக்குன்னா நல்லதுதான்…”

“கொறையலம்மா. இல்லவே இல்ல.”

“அப்படி இருந்தா அதுங்களுக்கும் ஆகாதுப்பா. பாலைவனத்துலயே விடியக்காலையில பனி எறங்கும். அதக் கொஞ்சம் குடிச்சுத்தான் பொழைக்குதுங்க. இப்ப அதுங்க இலைக்குள்ள சேத்து வச்சிருக்கறதத் தானே எடுத்துத் தின்னுட்டிருக்கும்.”

குருபாதம் வீட்டுக்கு ஓடி வந்து கரியை வெளியே கொட்டினார், உப்பைக் கொட்டினார், சுண்ணாம்பைக் கொட்டினார், பல்பைக் கழற்றினார், கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து வைத்தார். மலைச்சரிவிலிருந்து மூடுபனி ஏறி வந்து, ஜன்னல் விளிம்பு வரை வந்து நின்று, உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. ஒரு தொட்டியைச் சோதனைக்கு வெளியே வைத்தார். ஒரு ராத்திரி தாங்கியது, மறுநாள் தண்டு கறுத்து இலை கண்ணாடியாகி, அவர் விரல் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே வைத்தால் வற்றிச் சாகும், வெளியே வைத்தால் அழுகிச் சாகும் என்று ஆகிவிட்ட முப்பத்துநாலு செடிகளையும் எதிரில் வைத்துக்கொண்டு, வாசற்படியில், உடம்பு பாதி நனைய பாதி காய, அவர் உட்கார்ந்திருந்தார்.

கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வந்த அன்னத்தாய் நின்றாள்.

“என்னாச்சு?”

சொன்னார். அவள் குனிந்து ஒரு தொட்டியை எடுத்து, சுருங்கிய இலையைக் கட்டைவிரலால் தடவினாள். மகளுடைய பொருளில் அவள் கை பட்டது அதுதான் முதல் தடவை.

“இதுல கொஞ்ச நேரம், அதுல கொஞ்ச நேரம்னு வச்சா?” என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது அந்த வேலை. காலை ஐந்தரைக்கு, வேலைக்குப் போகுமுன், அவர் உள்ளேயிருந்து தொட்டிகளை ஒவ்வொன்றாக நீட்ட, அவள் வெளியே நின்று வாங்கி, கடைசி வீட்டின் ஒழுகாத மூலைக்குக் கொண்டுபோய் வரிசையாக வைப்பாள். அங்கே அவை ஈரக்காற்றில் ஒன்றரை மணி நேரம் இருக்கும். ஏழு மணிக்கு அவள் நீட்ட அவர் வாங்கி உள்ளே வைப்பார். சாயங்காலம் மறுபடியும். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள், நடுவில் ஒரு தொட்டி. அவர் கை மரப்பட்டை போல வெடித்திருந்தது, அவள் கை தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. முதல் நாட்களில் பேச்சில்லை. பிறகு, “இது என்னமோ குட்டி போட்டிருக்கு பாருங்க” என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், “சின்னதுல அவ சோறு திங்காம வாயில அடக்கி வச்சுக்குவா, இந்தச் செடி மாதிரியே கன்னம் உப்பியிருக்கும்” என்றாள். அவர் சிரித்தார், உதடு வெடித்து ரத்தம் வந்தது, அதுவும் உடனே காய்ந்தது. செடிகள் நிமிர்ந்தன என்று சொல்ல முடியாது, ஆனால் சாகவில்லை.

“திரும்பி வந்துடேன்” என்று அவர் கேட்டதற்கு, “நீங்க இங்க வாங்களேன்” என்றாள். இரண்டு பேருமே அசையவில்லை.

இதற்குள் ஆவணி மழை வலுத்து, பிள்ளைகளுக்கு இழுப்பு வந்தது. ஒவ்வொரு வருஷமும் வருவதுதான். போன வருஷம் மேல் லைனில் ஒரு குழந்தை அதில் போயிருந்தது. சுகந்தியின் மகன் எழிலனுக்கு எட்டு மாதம். நெஞ்சுக்கூடு உள்வாங்கி, மூச்சுக்கு மூச்சு பூனை கத்துவது போலச் சத்தம் வந்தது. மாத்திரையும் ஆவியும் கேட்காமல், அவள் அவனைத் தூக்கிக்கொண்டு காய்ந்த வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பிள்ளை தூங்கியது. அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தவளுக்குப் பாதியிலேயே பால் வற்றிவிட்டதால், அதற்குப் பிறகு தன் வீட்டில் பசியாற்றித் தூக்கி வந்து படுக்க வைப்பாள், வாசல்படியில் காவலிருப்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தூக்கி வந்தார்கள். பதினொரு பிள்ளைகள், அப்புறம் பதினாலு. துரைக்கண்ணு சிலேட்டை அழித்துவிட்டு, 'குழந்தைகள் மட்டும்' என்று எழுதினார். துணியும் அரிசியும் வெளியேறின. அந்த வருஷம் சாரல்மட்டத்தில் ஒரு பிள்ளையும் சாகவில்லை.

“குருபாதண்ணே,” என்றார் துரைக்கண்ணு ஒருநாள், தலையைச் சொறிந்தபடி, “காலையும் மாலையும் கதவத் தெறந்து போட்டுட்டுத் தொட்டி மாத்தறீங்களே, அந்நேரம் பிள்ளைங்களுக்குக் குளிர்காத்து அடிக்குதுன்னு பொம்பளைங்க சொல்றாங்க. தப்பா நெனைக்காதீங்க.”

“சீக்கிரம் மாத்திடறோம்,” என்றார் குருபாதம். அடுத்த நாளிலிருந்து வேகமாக மாற்றினார்கள், பேச நேரமில்லாமல்.

புரட்டாசி முதல் வாரம் ஒரு வியாழக்கிழமை. குருபாதம் ஃபேக்டரியில், அன்னத்தாய் மேட்டுக் காட்டில் பறிப்பில். காலையிலிருந்தே கல் உருட்டுகிற மாதிரி மழை. பதினாலு பிள்ளைகளோடு புதிதாக இரண்டு வந்தன, பாய் விரிக்க இடமில்லை. சுகந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். பலகையில் செடிகள் சுருங்கிச் சோர்ந்து நின்றன. பாவம், தண்ணி பார்த்து எத்தனை நாளோ, என்று அவளுக்குத் தோன்றியது. முப்பத்துநாலு தொட்டியையும் ஒன்றுகூட உடையாமல் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்கு எதிரே பாதையோரம், சுவரில்லாத திறந்த வெளியில், நல்ல மழை படும்படி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையாக வைத்தாள். பலகை இருந்த இடத்தில் இரண்டு பாய் விரித்தாள்.

ஐந்து மணிக்கு குருபாதம் வந்தபோது தொட்டிகள் விளிம்பு வரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. பச்சைக்கல் ரோஜாக்கள் ஒவ்வொன்றும் தன் மடியில் ஒரு கை தண்ணீரை ஏந்தியிருந்தது. சில கண்ணாடியாகியிருந்தன, உள்ளே நரம்பு தெரிந்தது. அவர் குடையைக் கீழே வைத்தார், அது உருண்டு போனது. குந்தி உட்கார்ந்து ஒரு தொட்டியை எடுத்துச் சாய்த்தார், தண்ணீரோடு செடியும் அவர் உள்ளங்கைக்கு வந்தது. அடுத்ததைச் சாய்த்தார். அடுத்ததை. திறந்த கதவுக்குள் பதினாறு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

அன்னத்தாய் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறக்கத்தில் வந்தாள். தூரத்தில் அவரைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. கூடையை வழியிலேயே விட்டுவிட்டு வந்து, பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தாள். அவளும் ஒரு தொட்டியை எடுத்துச் சாய்த்தாள்.

“வாளியால மொண்டாங்க அன்னம்,” என்றார் குருபாதம்.

“என்னது?”

“குழியில. ரெண்டு பேரு மொண்டாங்க. ஊறிட்டே இருந்துச்சு. அதுலயே அவள எறக்கினாங்க. நான் பாத்துட்டு சும்மா நின்னேன். நிறுத்துங்கன்னு சொல்லல.” பிறகு வாயைத் திறந்தார், சொல் வரவில்லை, நூற்றுச் சொச்சம் நாளாக வராதது வந்தது. கிழட்டு மாடு கத்துவது போல ஒரு சத்தம். லைனில் எல்லாக் கதவும் திறந்தன. யாரும் கிட்டே வரவில்லை. மழை அவர் முகத்தில் எது தன்னுடையது எது அவருடையது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. அன்னத்தாய் அவர் தலையை இழுத்துத் தன் நனைந்த மடியில் வைத்து, அவரோடு சேர்ந்து அழுதாள்.

அன்று அவர் காய்ந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைசி வீட்டில், ஒழுகாத மூலையில் செடிகளை வைத்து, இரண்டு பேரும் ஒழுகுகிற பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் எல்லாச் செடியும் போயிற்று. அன்னத்தாய் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் போய் ஜெசிந்தா பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தாள். முப்பத்துநாலாவதைப் புதைத்த அன்று சாயங்காலம், சுகந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒன்பது நாளாக அவள் அந்தப் பக்கமே வரவில்லை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“மதினி, வாடிக் கெடந்துச்சு. மழைத்தண்ணி பட்டா தெளிஞ்சுக்கும்னு நெனச்சேன். சாமி சத்தியமா வேற எதுவும் நெனைக்கல. எம் புத்தி அவ்வளவுதான் மதினி. அண்ணே, என்னைய ரெண்டு வார்த்தை திட்டிடுங்க.”

குருபாதம் அவளைப் பார்த்தார். அன்னத்தாய் எழுந்து வந்து கையை நீட்டினாள். சுகந்தி குழந்தையைக் கொடுத்தாள்.

அன்னத்தாய் அவன் சட்டையை விலக்கி, நெஞ்சில் காதை வைத்தாள். கூரையிலிருந்து சட்டிகளில் சொட்டு விழும் சத்தம், வெளியே மழைச் சத்தம், ஓடைச் சத்தம், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அவள் கேட்டாள். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. உள்ளே போனது, வெளியே வந்தது. அந்தச் சின்னக் கூட்டுக்குள் எங்கேயும் தண்ணீரின் சத்தம் இல்லை. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். எழிலன் முதலில் சிரித்தான், பிறகு அவள் முடியைப் பிடித்து இழுத்தான், பிறகு அதுவும் அலுத்துப்போய்ச் சும்மா இருந்தான். சுகந்தி பயந்துபோய் குருபாதத்தைப் பார்த்தாள். அவர் பேசாமலிருக்கும்படி கையைக் காட்டினார்.

கடைசியில் அன்னத்தாய் சட்டையை இழுத்து மூடிக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எதுக்கு இந்த ஈரத்துல தூக்கிட்டு வந்த?” என்றாள். “மழை விட இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. கொண்டுபோய் உள்ள படுக்க வை.”

சுகந்தி முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்துகிற வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அன்னத்தாய் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். குருபாதம் ஒழுகுகிற இடத்தைப் பார்க்காமல், அவள் தோளோடு தோள் படும்படி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.